கிரிப்ல பேரே இல்லாத ஆக்களுக்கு: கடன் வரலாற்றை எங்கயிருந்து தொடங்கிறது? (அடிக்கடி கேக்கிற கேள்விகள்)

கொழும்புல வேலை செய்யிற, கடை வச்சிருக்கிற, ஓட்டோ ஓடுற எங்கட ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகளை ஒரு இடத்தில சேத்து வைக்கிறன். கிரிப் எண்டா நீங்க கடனை எப்பிடிக் கட்டினீங்க எண்ட பதிவை வச்சிருக்கிற பணியகம், கீழ விளக்கமா சொல்றன். முதல் தடவையா லோனோ கிரெடிட் காட்டோ லீசிங்கோ எடுக்கப் போற ஆக்களுக்குத்தான் இது முக்கியம். ஏற்கனவே அடிபட்டு நிக்கிற ஆக்களுக்கும் கீழ கொஞ்சம் இருக்கு.

நான் ஒருத்தருக்கும் அஞ்சு சதம் கடன் இல்ல, பிறகேன் பேங்க்ல லோன் கேட்டா இழுத்தடிக்கிறாங்க?

இதுதான் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, கேக்கிறவங்கட குரல்லயே ஒரு கோவம் இருக்கும், அந்தக் கோவம் நியாயம்தான். கடன் வாங்காம வாழ்றது நல்ல விஷயம் எண்டுதான் வீட்டில சொல்லி வளத்தாங்க. ஆனா கடன் குடுக்கிற ஆள்ட பக்கத்தில இருந்து பாருங்க. அவருக்கு உங்களைத் தெரியாது, நீங்க ஒழுங்கா கட்டுவீங்களா இல்லையா எண்டு காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்ல. முந்தி ஊர்க்கடையில கொப்பியில எழுதி சாமான் குடுத்த முதலாளிக்கு உங்கட அப்பாவைத் தெரியும், அதுவே போதும். பேங்க்குக்கு அப்பிடி ஒண்டும் இல்ல, அதனால அவங்க ரெண்டு பிணையாளி கேப்பாங்க, சம்பள ஸ்லிப் கேப்பாங்க, வட்டியைக் கூட்டிப் போடுவாங்க, இல்லாட்டி நாசூக்கா "பிறகு சொல்றம்" எண்டு அனுப்பிடுவாங்க.

அதனால "கிரிப்ல என்ட பேர் விழவே கூடாது" எண்டு பயந்து ஒதுங்கி இருக்கிறது ஒரு பாதுகாப்பும் இல்ல. நேரத்துக்குக் கட்டின ஒரு சின்னக் கடனோட அங்க பேர் இருக்கிறதுதான் நல்லது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வாறது இது ஒண்டுதான்.

கிரிப் எண்டா என்ன? அது பிளக்லிஸ்ட் தானே?

இல்ல. இலங்கை கொடுகடன் தகவல் பணியகம், அதைத்தான் எல்லாரும் கிரிப் எண்டு சொல்றது. 1990ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது, தெற்காசியாவிலயே முதல் கொடுகடன் பணியகம் இதுதான். ஒபிஸ் கோட்டையில சேர் பாரோன் ஜயதிலக மாவத்தையில இருக்கு. தலைவரா இருக்கிறது மத்திய வங்கிட பிரதி ஆளுநர் ஒருத்தர், பங்குதாரர்மார் மத்திய வங்கியும் கடன் குடுக்கிற நிறுவனங்களும்.

அங்க பிளக்லிஸ்ட் எண்டு தனியா ஒரு லிஸ்ட் இல்ல. வங்கி, பைனான்ஸ் கம்பனி, லீசிங் கம்பனி எல்லாம் தங்கட கடன்காரர் எப்பிடிக் கட்டினாங்க எண்டு கிரிப்புக்கு அனுப்புவாங்க, ஒழுங்கா கட்டினதும் போகும், பிந்திக் கட்டினதும் போகும். நீங்க புதுசா கடன் கேக்கைக்க அந்த நிறுவனம் அதை எடுத்துப் பாக்கும். கடன் குடுக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது கிரிப் இல்ல, அந்த வங்கி. ஒரு வங்கி ஏலாது எண்டு சொன்னதை இன்னொரு வங்கி ஓம் எண்டு சொல்ற சந்தர்ப்பம் இருக்கிறது இதனாலதான்.

என்ட ரிப்போட்டை நானே எடுத்துப் பாக்கேலுமா?

ஏலும். தேசிய அடையாள அட்டையோட நேர போகலாம், கிரிப்ட இணையத்தளத்தால விண்ணப்பிக்கவும் ஏலும், ஒரு சின்னக் கட்டணம்தான். நீங்களே உங்கடதை எடுத்துப் பாக்கிறதால உங்கட பேருக்கு ஒரு பங்கமும் வராது, தயவுசெய்து பயப்படாதீங்க. வீட்டு லோனுக்கோ பெரிய லீசிங்குக்கோ போகப் போறீங்க எண்டா ரெண்டு மூண்டு மாசத்துக்கு முந்தியே எடுங்க, பிழை ஏதும் இருந்தா திருத்த அவகாசம் வேணும்.

அதில உங்கட பேர், அடையாள அட்டை நம்பர், விலாசம், எந்த நிறுவனத்தில என்ன கடன், எவ்வளவு மிச்சம், எத்தனை நாள் பிந்தியிருக்கு, நீங்க ஆருக்குப் பிணை நிக்கிறீங்க, காசு இல்லாம திரும்பின செக், உங்களைப் பற்றி எந்தெந்த நிறுவனம் விசாரிச்சிருக்கு எண்டெல்லாம் இருக்கும்.

ஸ்கோர் எண்டும் ஒண்டு இருக்காமே?

ஓம், நீங்க கடன் கட்டின விதத்தைப் பாத்துப் போடுற புள்ளி அது, 250 இல இருந்து 900 வரைக்கும், கூட இருந்தா நல்லது. ஆனா கடன் வரலாறே இல்லாத ஆளுக்கு கணக்குப் போட ஒண்டும் இருக்காது. ஸ்கோரை நினைச்சு நித்திரை கெட வேணாம், கட்டிறதை ஒழுங்கா கட்டினா அது தானா ஏறும். அதோட ஸ்கோர் மட்டும் பாத்து எந்த வங்கியும் காசு தராது, சம்பளம் எவ்வளவு, அதில ஏற்கனவே எவ்வளவு தவணைக்குப் போகுது எண்டும் பாப்பாங்க.

சரி, முதல் முதலா என்ன எடுக்கிறது?

என்ட அபிப்பிராயம், உங்களுக்கு சம்பளம் ஒழுங்கா வருதெண்டா முதல்ல சம்பளம் விழுற வங்கியிலயே கேளுங்க. அவங்களுக்கு உங்கட கணக்கு மாசாமாசம் தெரியும். சின்ன லிமிட் உள்ள கிரெடிட் காட் ஒண்டு, முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ, அதுக்கு மேல தொடக்கத்தில தேவையே இல்ல, அவங்க கூடத் தாறம் எண்டு சொன்னாலும் குறைச்சுக் கேளுங்க.

சம்பளத்தைக் காட்டி எடுக்கேலாதெண்டா எப்.டி. (நிலையான வைப்பு) வச்சு எடுக்கிற காட். இது கனபேருக்குத் தெரியாத வழி, ஆனா பூச்சியத்தில இருந்து தொடங்கிற ஆளுக்கு இதை விட லேசான வழி இல்ல. வங்கியில ஒரு நிலையான வைப்புப் போடுறீங்க, அதை வங்கி பிணையாப் பிடிச்சு வச்சுக்கொண்டு, வைப்பை விடக் கொஞ்சம் குறைஞ்ச லிமிட்ல காட் ஒண்டு தரும். எப்.டி.க்கு வட்டி வழமை போல வந்துகொண்டே இருக்கும், காட் பாவிக்கிற காலத்துக்கு அந்தக் காசை எடுக்க மட்டும் ஏலாது. வங்கிக்கு நட்டம் வர வழியில்லாததால பிணையாளி தேடி அலைய வேணாம், சம்பள ஸ்லிப்புக்கும் அவ்வளவு நெருக்க மாட்டாங்க. எல்லா ப்ரான்ச்லயும் கவுண்டர்ல இருக்கிற பிள்ளைக்கு இது தெரிஞ்சிருக்காது, "எப்.டி.யை லீன் வச்சு காட் தருவீங்களா" எண்டு நேரடியா கேளுங்க (லீன் எண்டா பிணையாப் பிடிச்சு வைக்கிறது), தெரியாட்டி மனேஜரிட்டக் கேக்கச் சொல்லுங்க. காசு சேந்த பிறகுதான் எப்.டி. போடணும், எப்.டி. போடுறதுக்காக வெளியில வட்டிக்கு வாங்குறது சுத்த மடத்தனம், அதை மட்டும் செய்யாதீங்க.

மூண்டாவது வழி, உண்மையிலயே ஒரு சாமான் தேவைப்படுது, தொழிலுக்கு ஓட்டோவோ, மோட்டார் சைக்கிளோ, தையல் மெஷினோ, அதை லீசிங்ல எடுத்து ஒழுங்கா கட்டி முடிக்கிறது. எங்கட நாட்டில கனபேருக்குக் கடன் வரலாறு தொடங்கினதே ஒரு ஓட்டோ லீசிங்ல தான். ஆனா வரலாறு வேணும் எண்டதுக்காக தேவையில்லாத வாகனம் ஒண்டை லீசிங்ல எடுக்காதீங்க. மாசம் முப்பதாயிரம் நாப்பதாயிரம் கட்டுறது விளையாட்டில்ல.

காட் கைக்கு வந்துட்டு. இப்ப எப்பிடிப் பாவிக்கிறது?

இதை கொஞ்சம் விரிவா சொல்றன், ஏனெண்டா பேர் கெட்டுப் போற இடமும் இதுதான், பேர் எடுக்கிற இடமும் இதுதான்.

மாசம் எப்பிடியும் செலவழிக்கிற ஒரு விஷயத்தை மட்டும் காட்ல போடுங்க. சுப்பர் மார்க்கட் சாமான், இல்லாட்டி போன் பில், இல்லாட்டி பெற்றோல். அந்தக் காசு ஏற்கனவே உங்கட கணக்கில இருக்கிற காசா இருக்கணும். ஸ்டேட்மென்ட் வந்தா அதில மூண்டு விஷயத்தைப் பாருங்க: ஸ்டேட்மென்ட் போட்ட திகதி, கட்ட வேண்டிய கடைசித் திகதி, மொத்தத் தொகை. நாலாவதா குறைஞ்சபட்சக் கட்டணம் எண்டு ஒரு சின்னத் தொகை போட்டிருப்பாங்க, அதைக் கண்ணால பாக்கிறதோட விடுங்க, மொத்தத்தையும் கட்டுங்க.

ஏன் எண்டு ஒரு கணக்கு. ஒரு லட்சம் ரூபா காட்ல நிலுவை இருக்கு, வருஷ வட்டி 28 வீதம், குறைஞ்சபட்சக் கட்டணம் 5 வீதம் எண்டு வையுங்க. நீங்க 5,000 கட்டுறீங்க. அதில 2,333 ரூபா வட்டிக்குப் போகும், கடன்ல குறையிறது 2,667 மட்டும். நேரத்துக்குத்தான் கட்டுறீங்க, ரிப்போட்ல பிந்தினதா வராது, ஆனா பாதிக்குக் கிட்ட தண்ணில போட்ட காசு. 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில 7 வீதப் புள்ளி ஏத்தினது, காட் வட்டிக்கு இருந்த உச்ச எல்லையையும் எடுத்தது, அந்த நேரம் குறைஞ்சபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டு வந்த ஆக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல.

முழு லிமிட்டையும் மாசாமாசம் தொடாதீங்க. ஐம்பதாயிரம் லிமிட்ல நாப்பத்தெட்டாயிரம் எடுத்துக்கொண்டே இருந்தா கைல காசில்லாத ஆள் மாதிரித்தான் தெரியும், பத்து பதினைஞ்சாயிரம் போதும். ஏடிஎம்ல அந்தக் காட்டைப் போட்டுக் காசு எடுக்கவே வேணாம், எடுத்த அண்டைக்கே வட்டி ஓடத் தொடங்கிடும், அதுக்கு மேல கட்டணமும் இருக்கு.

கடைசித் திகதியை மறக்காம இருக்க ஸ்டேண்டிங் ஓடர் ஒண்டு போட்டு வைங்க, உங்கட சேமிப்புக் கணக்கில இருந்து மொத்தத் தொகையும் தானா போற மாதிரி. சம்பளம் 25ஆம் திகதி விழுற கம்பனி எண்டா, கடைசித் திகதி அதுக்குப் பிறகு வாற மாதிரி மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம், கேட்டா பெரும்பாலும் செய்து தருவாங்க.

இன்னொரு விஷயம், இதால அடிபட்ட ஆக்கள் நிறையப் பேர். மோல்ல மேசை போட்டு நிக்கிற பிள்ளைகள் பாவம் எண்டு ஒரு காட் எடுக்கிறது, பாவிக்காம அலுமாரியில போடுறது, இல்லாட்டி கத்தரிக்கோலால வெட்டிக் குப்பையில போட்டுட்டு காட் முடிஞ்சுது எண்டு நினைக்கிறது. காட் முடியாது. அடுத்த வருஷம் வருஷக் கட்டணம் விழும், அதைக் கட்டேல்ல எண்டு பிந்தின கட்டணம் விழும், அதுக்கு வட்டி விழும், ஸ்டேட்மென்ட் பழைய விலாசத்துக்குப் போகும், ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டு லோன் கேக்கைக்கதான் தெரியும் ஒரு சாமானும் வாங்காத காட்டால பேர் கெட்டுப் போயிருக்கெண்டு. வேணாமெண்டா எழுத்துல குடுத்து மூடுங்க, நிலுவை இல்லை எண்டு கடிதம் வாங்குங்க, அந்தக் கடிதத்தை வாழ்நாள் முழுக்க வச்சிருங்க.

எனக்கு சம்பள ஸ்லிப் இல்ல. புறக்கோட்டையில கடை வச்சிருக்கிறன் / ஓட்டோ ஓடுறன். நான் என்ன செய்ய?

வருமானத்தை வங்கிக் கணக்கால ஓட விடுங்க. இதுதான் பதில். நாள் வியாபாரத்தைக் கைல வச்சே சுத்துற ஆளுக்கு மாசம் ரெண்டு லட்சம் வந்தாலும் வங்கிக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் இல்லாட்டி கிழமைக்கு ரெண்டு தரம் போடுங்க, ஆறு மாச ஸ்டேட்மென்ட் ஒண்டு சேந்தா அதுதான் உங்கட சம்பள ஸ்லிப். ஆப்ல ஓடுற ஓட்டோக்காரர், ஆக்கள் காட்டால கட்டுற ஹயர் காசைக் கணக்குக்கு வாற மாதிரி வச்சிருந்தா அதுவும் ஆதாரம். கடை எண்டா வியாபாரப் பேர் பதிவு இருக்கணும், பிரதேச செயலகத்தில விசாரிச்சா சொல்லுவாங்க. டின் நம்பரும் (வரி செலுத்துறவரை அடையாளம் காட்டுற இலக்கம்) எடுத்து வைங்க, செக் எழுதுற நடைமுறைக் கணக்கு திறக்கப் போனாலே கேப்பாங்க.

கடையில வேலை செய்யிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. முதலாளி ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுறாரா எண்டு கட்டாயம் கேளுங்க, உங்கட சம்பளத்தில இருந்து 8 வீதமும் முதலாளிட பங்கா 12 வீதமும் போகணும். அது வயசான காலத்துக்கு மட்டுமில்ல, நிரந்தர வேலை இருக்கு எண்டதுக்கு வங்கி பாக்கிற ஆதாரமும் அதுதான்.

மத்திய கிழக்கில இருந்து அனுப்பிற காசும் அப்பிடித்தான், ஆக்கள்ட்டக் குடுத்து விடாம வங்கியால அனுப்பினா அது ரெக்கோட்.

செக் திரும்பினா கிரிப்ல வருமா?

வரும். மெயின் ஸ்ட்ரீட், கெய்சர் ஸ்ட்ரீட் பக்கம் முழுக்க யாவாரம் பிறகு வாற திகதி போட்ட செக்லதான் ஓடுது, ஒருத்தர்ட செக் திரும்பினா அவரை நம்பி செக் எழுதின மற்றவர்டதும் திரும்பும், அவருக்குப் பின்னால இன்னொருத்தர். கணக்கில காசு போதாம திரும்பின செக் கிரிப் ரிப்போட்ல தனியா காட்டும், லோன் எல்லாம் ஒழுங்கா கட்டியிருந்தாலும் காட்டும். காசில்லாத கணக்குக்குத் தெரிஞ்சுகொண்டு செக் எழுதுறது 1990ஆம் ஆண்டு கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றமும் கூட. புதுசா நடைமுறைக் கணக்கு திறந்த ஆக்கள், எழுதின செக் எல்லாத்தையும் திகதியோட ஒரு கொப்பியில எழுதி வைங்க, சரக்கு தந்தவர்ட்ட முதல்ல ஒரு கோல் எடுத்து "அண்ணை, ரெண்டு நாள் பொறுத்துப் போடுங்க" எண்டு சொல்றது வெக்கமில்ல, எங்கட யாவாரிகள் எல்லாரும் செய்யிறதுதான்.

மச்சான் லோனுக்குப் பிணை நிக்கக் கேக்கிறான். நிண்டா எனக்கு வரலாறு வருமா?

உங்கட ரிப்போட்ல வரும், ஆனா அது நீங்க எதிர்பாக்கிற மாதிரி வராது. பிணை நிண்டா அந்தக் கடன் உங்கட பேரோடயும் ஒட்டிக்கொண்டு நிக்கும். அவன் ஒழுங்கா கட்டினா சரி. அவன் பிந்தினா அதுவும் தெரியும், கட்டாமலே விட்டா வங்கி உங்கட வீட்டுக்குத்தான் கடிதம் அனுப்பும், ஏனெண்டா நீங்க கையெழுத்து வச்சது "அவன் கட்டாட்டி நான் கட்டுவன்" எண்டதுக்குத்தான், "இவன் நல்ல பொடியன்" எண்டதுக்கு இல்ல. நாளைக்கு நீங்க லோன் கேக்கைக்க, பிணை நிண்ட தொகையையும் சேத்துத்தான் உங்களால எவ்வளவு தாங்கேலும் எண்டு பாப்பாங்க.

எங்கட சனத்துக்குள்ள இதை மறுக்கிறது கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும். மாமா கேக்கிறார், கூட வேலை செய்யிற அக்கா கண் கலங்க நிக்கிறா, எப்பிடி ஏலாது எண்டு சொல்றது. ஆனா சொல்லித்தான் ஆகணும், இல்லாட்டி ஒரு நிபந்தனையோட நில்லுங்க: ஒவ்வொரு மாசமும் கட்டின ரசீதை வாட்ஸ்அப்ல அனுப்பணும். அவர் அதுக்கே முகம் சுழிச்சாரெண்டா அங்கயே பதில் வந்துட்டு. நீங்களா கட்டேலாத தொகைக்கு ஒருநாளும் பிணை நிக்காதீங்க. அந்த மாதிரிக் கையெழுத்தால சொந்த வீட்டுக் கனவே போன குடும்பங்கள் கொழும்புல இருக்கு, அதைப் பாத்து மனம் நொந்துதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றன்.

நகை அடகு வச்சு மீட்டிருக்கிறன், சீட்டு ஒழுங்கா கட்டுறன். அது கணக்கில வருமா?

செட்டியார் தெருவில இருக்கிற தனியார் அடகுக்கடையில வச்சு மீட்டது எங்கயும் பதிவாகாது. சீட்டும் அப்பிடித்தான், இருபது வருஷம் ஒரு மாசமும் தவறாம கட்டின அக்காமார் இருக்கிறாங்க, உண்மையான நாணயம் அதுதான், ஆனா வங்கிக்கு அது தெரிய வழியில்ல. சீட்டுக்காசு கைக்கு வந்தா அதில ஒரு பகுதியை எப்.டி. ஆப் போட்டு மேல சொன்ன மாதிரி காட் எடுங்க, அதுதான் அந்த நாணயத்தைக் கடதாசிக்குக் கொண்டு வாற வழி.

ஷோரூம்ல தவணைக்கு டிவி, பிரிட்ஜ் எடுக்கிறதெண்டா அக்ரிமென்ட்ல கடன் குடுக்கிறது ஆர் எண்டு பாருங்க. மத்திய வங்கி அனுமதி உள்ள பைனான்ஸ் கம்பனியா இருந்தா அது வரலாறுதான், கடையே தன்ட கொப்பியில எழுதித் தாற தவணையா இருந்தா அதில இருந்து ஒண்டும் வராது.

நான் வீட்டில இருக்கிற ஆள், அவர்ட காட்ல எனக்கும் ஒரு காட் இருக்கு. எனக்கும் வரலாறு சேருமா?

சேராது, அந்தக் கடன் பிரதான காட் வச்சிருக்கிற அவர்ட பேர்ல தான். அக்காமார், உங்கட பேர்ல தனியா ஒரு கணக்கு, கொஞ்சம் கொஞ்சமா ஒரு எப்.டி., அதில ஒரு சின்னக் காட், இது கட்டாயம் இருக்கட்டும். அவர் இல்லாத ஒரு நாள் வந்தா, இல்லாட்டி சமையல் ஓடர், தையல் எண்டு நீங்களே ஒரு தொழில் தொடங்க நினைச்சா, அப்ப முதல்ல இருந்து தொடங்க நேரம் இருக்காது. குழுவா சேந்து எடுக்கிற மைக்ரோ பைனான்ஸ் கடன்ல கவனம், பக்கத்து வீட்டு ஆள் கட்டாட்டி எல்லாரும் சேந்து கட்ட வேண்டி வரும், வட்டியும் கிழமைக் கணக்கில பாத்தா சின்னதாத் தெரியும், வருஷத்துக்கு எவ்வளவு எண்டு கேட்டு எழுதி வாங்குங்க.

ரிப்போட்ல என்ட பேரே பிழையா இருக்கு, நான் எடுக்காத கடனும் இருக்கு!

தமிழ் ஆக்களுக்கு இது கொஞ்சம் கூடத்தான் நடக்கும். பழைய லேமினேட் அடையாள அட்டையில இங்கிலீஷ் எழுத்தில பேர் இல்ல, அதனால ஒரு வங்கியில ஒரு எழுத்துக்கூட்டல், இன்னொரு வங்கியில வேறொண்டு, ஒரு இடத்தில அப்பாட பேர் முன்னால முழுசா, ஒரு இடத்தில முதலெழுத்து மட்டும். 2017 கடைசியில வந்த மூண்டு மொழி அட்டையில எப்பிடி இருக்கோ அப்பிடியே எல்லா இடத்திலயும் மாத்துங்க. நம்பர்லயும் சிக்கல் வரும், பழைய ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016 இல இருந்து பன்ரெண்டு இலக்கம். பழைய நம்பர்ல எடுத்த கடனும் புது நம்பர்ல எடுத்த கடனும் ஒரே ஆளுக்குக் கீழ ஒழுங்கா வந்திருக்கா எண்டு ரிப்போட்ல பாருங்க.

பிழையான கடன் இருந்தா, அதை அனுப்பின நிறுவனம்தான் திருத்தணும், கிரிப் தானா அழிக்க ஏலாது. கிரிப்லயும் முறைப்பாடு குடுக்கலாம், அவங்க அந்த நிறுவனத்திட்டக் கேப்பாங்க. எல்லாத்தையும் எழுத்துல குடுங்க, ஒரு கொப்பியில திகதி சீல் வாங்குங்க.

"கிரிப் கிளியர் பண்ணித் தாறம்" எண்டு பேஸ்புக்ல காசு கேக்கிற ஆக்கள் எல்லாம் சுத்துமாத்து. வெளி ஆள் ஒருத்தராலயும் அந்தத் தரவைத் தொட ஏலாது, அவங்கள்ட்ட அடையாள அட்டைப் படத்தைக் குடுத்துட்டு நிக்காதீங்க.

இந்த மாசம் கட்ட ஏலாது போல இருக்கு. போனை ஓப் பண்ணிட்டு இருக்கவா?

இல்ல, கடைசித் திகதிக்கு முந்தி நீங்களே போங்க. 30 நாள் பிந்தினது வேற, 60 வேற, 90 தாண்டினா வங்கிட கணக்கில அது செயற்படாக் கடன், அதுக்குப் பிறகு கதைக்கிறதே கஷ்டம். தவணையைக் குறைச்சு காலத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேக்கலாம். கொரோனா நேரம் அரசாங்கம் சொல்லி எல்லாருக்கும் அவகாசம் குடுத்தாங்க, இப்ப நீங்களா கேட்டாத்தான் கிடைக்கும். ஏற்கனவே பிந்தியிருந்தா நிலுவையை அடைச்சு முடிக்கிறதுதான் முதல் வேலை. கட்டின அண்டைக்கே பழைய தாமதம் மறையாது, ஆனா "நிலுவை இருக்கு" எண்டதுக்கும் "கட்டி முடிச்சுட்டார்" எண்டதுக்கும் வங்கி பாக்கிற பார்வையே வேற.

போன்ல அஞ்சு நிமிஷத்தில லோன் தாற ஆப் இருக்கே?

மத்திய வங்கிட அனுமதி பெற்ற நிறுவனங்கள்ட பட்டியல் அவங்கட தளத்திலயே இருக்கு, அதில பேர் இல்லாட்டி கிட்டவே போகாதீங்க. போன்ல உள்ள நம்பர் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கொண்டு, ஒரு நாள் பிந்தினா சொந்தக்காரர் எல்லாருக்கும் கோல் எடுத்து அவமானப்படுத்துற ஆக்கள் இருக்கிறாங்க. வரலாறும் சேராது, மானமும் போகும்.

கனடா போகப் போறன். இங்க சேத்த வரலாறு அங்க வருமா?

வராது, அங்க முதல்ல இருந்து. கனடாவில ஈக்விபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் எண்டு ரெண்டு பணியகம், ஸ்கோர் 300 இல இருந்து 900. அங்கயும் காசு வைப்பு வச்சு எடுக்கிற காட்தான் புது ஆக்களுக்குத் தொடக்கம், போன உடனே எடுங்க. லண்டன் போற ஆக்கள் வாக்காளர் பட்டியல்ல பதிங்க, இலங்கை பொதுநலவாய நாடு எண்டதால உங்களுக்கு அங்க பதிய உரிமை இருக்கு, விலாசத்தை உறுதிப்படுத்த கடன் பணியகங்கள் அதைத்தான் பாக்கும். போக முந்தி இங்க உள்ள காட், லீசிங் எல்லாத்தையும் கட்டி மூடுங்க, பிணை நிண்ட பெற்றோரை இங்க விட்டுட்டு போய்க் கட்டாம இருக்கிறது பெரிய பாவம்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

ஆறு மாசம் ஒழுங்கா கட்டினா ஏதோ ஒண்டு தெரியத் தொடங்கும், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் போனாத்தான் வங்கி நம்பிக் கதைக்கும். அவசரத்தில நாலு வங்கியில ஒரே மாசம் விண்ணப்பிக்காதீங்க, நாலு விசாரணையும் ரிப்போட்ல நிக்கும், காசுக்கு அந்தரப்படுற ஆள் எண்டு நினைப்பாங்க. ஒரு இடத்தில கேளுங்க, மறுத்தா காரணத்தைக் கேளுங்க, அதைத் திருத்திக்கொண்டு பிறகு போங்க.

வங்கி நியாயமில்லாம நடந்தா ஆரிட்ட சொல்றது?

முதல்ல அந்த வங்கிக்கே எழுத்துல முறைப்பாடு, பதில் வராட்டி இல்லாட்டி பதில் சரியில்லாட்டி மத்திய வங்கிட நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், 1935க்கு எடுத்துத் தமிழ்லயே கதைக்கக் கேக்கலாம். அதைவிட நிதிக் குறைகேள் அதிகாரி ஒருத்தர் இருக்கிறார், ஒபிஸ் கொழும்பு 5 வஜிர வீதியில. ரெண்டு இடத்துக்கும் போகைக்க வங்கிக்குக் குடுத்த கடிதத்திட கொப்பி, வங்கிட பதில், ஸ்டேட்மென்ட், அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் திகதி வரிசையில ஒரு பைல்ல போட்டுக் கொண்டு போங்க.